மேஜை மடியும் சத்தம்

மாலை வகுப்பில் எங்களுக்கு இயந்திர வரைபடம் சொல்லித்தருகிறவர், எந்த வேலையையும் செய்த வரிசையிலேயே எழுதச் சொல்வார். எது முதலில், எது அடுத்தது, எங்கே பிசகியது. இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். எங்கே பிசகியது என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம். ஸ்ப்ரே அடித்த வியாழக்கிழமை என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு முன்னால் மேஜையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று இப்போது படுகிறது.

எங்கள் மேஜை ஹால் சுவரில் கீல் போட்டு மாட்டியது. இறக்கி, அடியில் ஒற்றைக் காலை முட்டுக்கொடுத்தால் மேஜை. ஏற்றிக் கொக்கியில் மாட்டினால் சுவர். கொக்கி விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வீடு முழுக்கக் கேட்கும். வீடு முழுக்க என்றால் ஹால், ஓர் அறை, சமையலறை, அவ்வளவுதான். மேஜை இறங்கியிருந்தால் சோபாவை இழுத்துக் கட்டிலாக்க முடியாது. வாசல் கதவும் பாதிதான் திறக்கும். உள்ளே வருகிறவர் ஒருக்களித்து வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும்.

அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை. காலையில் வந்து அந்தக் கட்டிலில் படுப்பார். இரவில் அதே கட்டில் எனக்கு. அறை அண்ணனுக்கும் அண்ணிக்கும். அண்ணி துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள். பகலில் அப்பா தூங்குவதால் மேஜையை இறக்க முடியாது. அதனால் அறைக் கட்டில் மேல் பலகை போட்டு, தையல் மெஷினை அதன்மேல் வைத்துத் தைப்பாள். அக்காவுக்குப் பிரசவ நேரம். இங்கே அழைத்து வந்தால் எங்கே படுக்க வைப்பது என்று பேசிப் பேசி, கடைசியில் அம்மாவே கிளம்பி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஒரு ஆள் வர வேண்டிய வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சாச்சு. இப்படியே போனா நாம ஹால்ல கிரிக்கெட் ஆடலாம்" என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

எனக்கு மேஜை கிடைப்பது விடியற்காலையில் மட்டும். எழுந்து, கட்டிலை மடித்து, மேஜையை இறக்கி, அப்பா வருவதற்குள் என் வேலையை முடித்து, மேஜையை ஏற்றிவிடுவேன். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் ஒருநாளும் தவறியதில்லை. 'டக்' என்று கொக்கி விழும், சற்று நேரத்தில் அப்பாவின் சாவி கதவில் திரும்பும். என் நேரக்கணக்கு அவ்வளவு துல்லியம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட உண்டு.

பகலில் நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வேலை செய்கிறேன். பிரேமில் லென்ஸ் பொருத்துவது, கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூக்களை முடுக்குவது. அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் ஸ்க்ரூ. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள்தான் ஒரு பட்டறையைப் பற்றிச் சொன்னாள். பிளாஸ்டிக் மாடல்களைக் கட்டி, பொம்மைக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளுக்குக் கொடுக்கிற பட்டறை. ஆள் எடுக்கிறார்கள் என்றாள்.

போய்ப் பார்த்தேன். நீளமான ஹால். ஆளுக்கு ஒரு மேஜை. மேஜைக் கால்கள் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தன. நான் போனபோது சாப்பாட்டு நேரம், ஆட்கள் எழுந்து போயிருந்தார்கள். ஒவ்வொரு மேஜையிலும் பாதி வேலை அப்படியே கிடந்தது. கழுத்தில்லாத தலை, இறக்கை பூட்டாத விமானம், மூடாத பெயிண்ட் டப்பா. யாரும் அதை ஒதுக்கவில்லை, மூடவில்லை, 'இது யாரோடது, எடு' என்று கேட்கவில்லை. சம்பளம் என்ன என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

பட்டறையை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் சின்ன மேடம் என்கிறார்கள். பெரிய மேடம் யார் என்று கேட்டதற்கு, அப்படி யாரும் இருந்ததே இல்லை என்றார்கள். அவர் ஒரு பெட்டியை என் முன் தள்ளினார். பெட்டியின் மேல் ஒரு விண்கலம். அதற்குப் பின்னால், அதே வெள்ளையும் நீலமுமாக ஒரு ரோபோ. கலம்தான் மடங்கித் திரும்பி ரோபோவாகும்.

"வர்ற சனிக்கிழமை சாயந்திரம் கலமா கொண்டு வா. நான் என் கையால ரோபோ ஆக்குவேன். மறுபடி கலம் ஆக்குவேன். உடையக் கூடாது, உரசக் கூடாது, தொங்கக் கூடாது. சரியா இருந்தா திங்கட்கிழமையிலேர்ந்து அதோ அந்த ஜன்னலோர மேஜை உனக்கு."

ஜன்னலோர மேஜை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நினைக்கும்போதே, எனக்கு இதெல்லாம் கிடைக்குமா என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் வரும் எனக்கு.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள், தட்டுத் தட்டாக. ஒவ்வொரு சட்டத்திலும் உறுப்புகள் சின்னக் காம்புகளில் தொங்கிக்கொண்டிருக்கும். காம்பை உறுப்புக்கு ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளில் தேய்த்தால் தடம் தெரியாது. கண்ணாடிக் கடை பழக்கம், எனக்கு இது வந்தது. காலைதோறும் ஒரு பாகம். முதல் நாள் மார்பு, அடுத்த நாள் தோளும் கையும், பிறகு கால்கள், இறக்கை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேஜையை ஏற்றுவேன். டக். அப்பா வருவார்.

"மாப்பிள்ளைக்குக் கால் வந்துடுச்சா?" என்பாள் அண்ணி, பல் தேய்த்துக்கொண்டே. ரோபோவுக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"ஒரு கால்தான் அண்ணி."

"ஒத்தக் காலா? நம்ம வீட்டுக்கு அது போதும். ரெண்டு கால் வெக்க எங்க இடம்?"

புதன்கிழமை எல்லாம் பூட்டி முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். கையேட்டில் படங்கள் மட்டும்தான் புரியும், அம்புக்குறி போகிற வழியே விரல் போக வேண்டும். முதலில் மார்பைத் தூக்க வேண்டும். அப்போதுதான் கலத்தின் மூக்கு முதுகுப் பக்கம் போக வழி கிடைக்கும். மூக்கு போனால்தான் தோள் வெளியே வரும். தோள் வந்தால்தான் கால்கள் நீளும். எல்லாம் முடிந்து கடைசியில் தலை. வரிசை மாறினால் ஒன்றோடு ஒன்று இடிக்கும். எனக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. எங்கள் ஹாலில் வளர்ந்தவளுக்கு இது தண்ணி பட்ட பாடு. ரோபோ மேஜை மேல் நின்றது. அண்ணன் அறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஸ்க்ரூ, இது என்னைவிட நேரா நிக்குது" என்றான்.

பாக்கி இருந்தது கடைசிப் பூச்சு. பிளாஸ்டிக் பளபளப்பை அடக்கி உலோகம்போல் காட்டுவதற்கு ஒரு மங்கல் ஸ்ப்ரே அடிப்பார்கள். அதைப் பூட்டிய நிலையில் அடிக்கக் கூடாது. கை, கால், மார்பு, இறக்கை என்று தனித்தனியாகக் கழற்றி, மூட்டுகளில் டேப் ஒட்டி மறைத்து, குச்சியில் குத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் டேப்பை உரித்துப் பூட்ட வேண்டும். மூட்டுக்குள் ஈரப் பூச்சு போனால் அது பசைதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தவறு இல்லை இது.

வியாழக்கிழமை விடியும்போதே மழை. ஈரக் காற்றில் பூச்சு மெதுவாகத்தான் காயும். ஒருநாள் தள்ளிப்போடலாமா என்று யோசித்தேன். தள்ளிப்போட்டால் வெள்ளிக்கிழமையும் மழை பெய்தால்? சமையலறை ஜன்னலோரம் வைத்து அடித்து, குச்சிகளைத் தெர்மாகோல் மாதிரியான பஞ்சுப் பலகைகளில் குத்தி, மேஜை முழுக்கப் பரப்பி வைத்தேன். எனக்கு நேரம் இருந்தது. கணக்குப் போட்டிருந்தேன்.

கதவில் சாவி திரும்பியது.

நான் இன்னும் மேஜையை ஏற்றவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் நடந்ததே இல்லை. கதவு பாதி திறந்து மேஜை விளிம்பில் இடித்தது. பஞ்சுப் பலகைகள் ஆடின. அப்பா ஒருக்களித்து நுழைந்தார், சட்டை முழுக்க நனைந்து.

"வயிறு சரியில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே நேராகக் கழிப்பறைக்குள் போனார்.

அவர் வெளியே வரும்போது கட்டில் விரிந்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லாத மனிதர், இரவெல்லாம் விழித்தவர். நான் சுற்றிப் பார்த்தேன். சமையலறை மேடையில் நான் அடுப்பில் ஏற்றிய பால் இருந்தது. அறைக்குள் அண்ணனும் அண்ணியும் தூக்கம். வாசலை ஒட்டிச் செருப்பு அலமாரி, அதன் மேல்தட்டு காலி. தட்டுக்கும் மின்சார மீட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடம். ரோபோ நிற்காது. துண்டு துண்டாக வைக்கவும் அகலம் போதாது. கலம் மட்டும் படுக்கும்.

டேப்பை உரித்தேன். விரலில் ஒட்டியது. மார்பில் தோளைப் பூட்டினேன், இடுப்பில் காலைப் பூட்டினேன், ஈரம் ஈரமாக. மூக்கை முன்னால் கொண்டுவந்து, கால்களைப் பின்னால் மடக்கி, கலமாக்கி, செருப்பு அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்தேன். மேஜையை ஏற்றினேன். டக். சோபாவை இழுத்தேன்.

அப்பா வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? உன் வேலை முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

வெள்ளிக்கிழமை காலை கலத்தை எடுத்து மார்பைத் தூக்கினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிளாஸ்டிக் வளைவது விரலுக்குத் தெரிந்தது, நிறுத்திக்கொண்டேன். வெளியே பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பூச்சு ஒரே சீராக விழுந்திருந்தது, ஒரு கைரேகை இல்லை. உள்ளே கையும் காலும் தலையும் மடங்கின இடத்திலேயே இறுகியிருந்தன. ஒவ்வொரு மூட்டாக விரலால் நெருடிப் பார்த்தேன். அதற்குள் நேரமாகிவிட்டது, மேஜையை ஏற்ற வேண்டியிருந்தது.

கடையில் இறுகிய பிளாஸ்டிக் பிரேமைச் சில சமயம் குளிரவைத்துக் கழற்றுவோம். அது நினைவு வந்து, கலத்தைப் பையில் சுற்றிப் பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயந்திரம் வகுப்பு முடிந்து வந்தால் அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, மாப்பிள்ளை எதுக்கு ஐஸ் பெட்டியில படுத்திருக்கார்? செத்துட்டாரா?"

"இல்ல அண்ணி, மூட்டு பிடிச்சிருக்கு."

"மூட்டுப் பிடிப்புக்கு ஒத்தடம் குடுப்பாங்க. ஐஸ்ல வெச்சா ஜன்னி கண்டுடும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஐஸ் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

குளிர் கொஞ்சம் வேலை செய்திருந்தது. மார்பு 'கிரீச்' என்று எழும்பியது. தோள்கள் வந்தன. இடது கால் வந்தது. வலது இடுப்பு மட்டும் வரவில்லை. மறுபடி குளிரவைத்தேன். வரவில்லை. கடைசியில் மறுபடியும் கலமாகவே மடக்கிவிட்டேன்.

சனிக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, போனேன்.

சின்ன மேடம் முதலில் எதையும் திருப்பவில்லை. விளக்குக்கு அடியில் வைத்து, விரல் நுனியால் ஓரங்களைத் தடவிக்கொண்டே போனார். "வெட்டின தடமே தெரியலையே" என்றார், பக்கத்து மேஜைக்காரருக்குக் கேட்கும்படி. "சில பேர் இங்க வருஷக்கணக்கா உக்காந்திருக்காங்க, இது வரல." பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்காமலே, "மேடம், நான் காது கேக்காத மாதிரி இருக்கேன்" என்றார்.

பிறகு மார்பைத் தூக்கினார். கிரீச். அவர் புருவம் சுருங்கியது. மூக்கு, தோள்கள், இடது கால். வலது காலில் கை நின்றது. என்னைப் பார்த்தார்.

"இது எங்க காஞ்சுது?"

"வீட்டுல, மேடம்."

"வீட்டுல எங்க?"

"செருப்பு அலமாரி மேல."

"மடிச்சபடியா?"

"நிக்க வெக்க உயரம் இல்ல, மேடம்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டு, இருமல்போல் மாற்றிக்கொண்டார். சின்ன மேடம் ரோபோவை என் பக்கம் நகர்த்தினார். "நான் திருப்பினா உடைச்சவ நான் ஆயிடுவேன். நீயே திருப்பு."

வலது தொடையைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். பென்சில் முனை ஒடிவதுபோல் சின்னதாக ஒரு சத்தம். கால் என் கையோடு வந்துவிட்டது. இடுப்பின் குழிக்குள் ஒடிந்த முளை வெள்ளையாகத் தெரிந்தது. மேஜை மேல் ஒரு பக்கம் ரோபோவாகவும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் அது சாய்ந்து கிடந்தது.

"கை சுத்தம். அதுல குறை சொல்ல மாட்டேன்" என்றார் சின்ன மேடம். "ஆனா கடைக்காரன் முதல்ல என்ன பண்ணுவான்? திருப்பித்தான் பாப்பான். திரும்பலைன்னா என் மூஞ்சியிலதான் வீசுவான். போயிட்டு வாம்மா."

சரி மேடம் என்றேன். எனக்கு எப்போதும் முதலில் வருகிற வார்த்தை அது. படியிறங்கித் தெருவரைக்கும் வந்துவிட்டேன். கையில் கால் மட்டும் இருந்தது, திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். அதைக் கொடுப்பதற்காகத்தான் மேலே ஏறினேன். மேலே போனதும் வாயில் வேறு வந்தது.

"இன்னொரு பெட்டி குடுங்க, மேடம்."

"யாருக்கும் ரெண்டாவது பெட்டி குடுத்ததில்ல."

நான் நகரவில்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"குடுத்தேன்னே வெச்சுக்கோ. அதை எங்க காய வெப்ப?"

"மேஜை மேல."

"மேஜை இருக்கா வீட்டுல?"

"இருக்கு, மேடம்."

அது பொய்யா என்று இப்போதும் தெரியவில்லை. விடியற்காலையில் கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்கிறது.

"மழைக்காலம். மத்தியானம் வரைக்கும் யார் கையும் படக் கூடாது. ஆடக்கூட கூடாது. முடியுமா?" என் பதிலுக்குக் காத்திராமல் அலமாரியைத் திறந்து அதே பெட்டியை எடுத்தார். "அடுத்த சனிக்கிழமை கொண்டு வா. முடியலைன்னா பிரிக்காம திருப்பிக் குடுத்துடு."

வீட்டுக்குள் நுழைந்தபோது மேஜை இறங்கியிருந்தது. அப்பா வேலைக்குக் கிளம்புமுன் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற நேரம். நான் ஒருக்களித்து நுழைந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு எங்கே வைப்பது? நடந்ததைச் சொன்னேன். மழை, டேப், செருப்பு அலமாரி எல்லாம்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் படியிலயே உக்காந்திருப்பேனேம்மா. தினமும் அதானே பண்றேன்."

"தினமும் என்ன பண்றீங்க?"

"படியிலதான் உக்காந்திருப்பேன். நீ மேஜையைத் தூக்குற சத்தம் கேட்டப்புறம்தான் ஏறி வருவேன். பாதிக் கதவுல நுழைஞ்சு, நீ பதறி எல்லாத்தையும் ஒதுக்கறதைப் பாக்க வேண்டாம்னுதான். அன்னைக்கு வயிறு கேக்கல."

என் துல்லியமான நேரக்கணக்கு. நான் சீக்கிரம் ஏற்றிய நாளெல்லாம் அவர் சீக்கிரம் வந்தார், தாமதமாக ஏற்றிய நாளெல்லாம் தாமதமாக வந்தார். அதைத்தான் இத்தனை நாள் பெருமையாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் மட்டும் என்ன" என்றாள் அண்ணி. "முழிச்சுக்கிட்டே படுத்திருப்பேன். டக்குன்னு கேட்டாதான் எழுந்து வெளிய வருவேன். அதுக்கு முன்னாடி வந்தா இவ முகத்துல 'வந்துட்டாளே'ன்னு ஒரு எழுத்து ஓடும்."

"இல்ல அண்ணி!"

"ஓடும்டி. பல்லு தேய்க்க மட்டும் பொறுக்க மாட்டாம வந்துடுவேன்."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்த வீட்டுல அலாரமே வேணாம் போல. ஸ்க்ரூ மேஜையைத் தூக்கலைன்னா ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டோம்."

சிரித்தோம். சிரிப்பு அடங்கியது. நான் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கேட்கப்போவது இவர்களில் யாரிடமிருந்து எடுக்கிறது என்று தெரிந்தே கேட்க வேண்டியிருந்தது.

"அடுத்த வியாழக்கிழமை நான் மேஜையைத் தூக்க மாட்டேன். மத்தியானம் வரைக்கும்."

"அப்பா எங்க படுப்பார்?" என்றான் அண்ணன்.

"நம்ம கட்டில்ல படுக்கட்டும். நான் மெஷினை எடுத்துடறேன்" என்றாள் அண்ணி.

"நீ அன்னைக்கு யூனிபார்ம் தச்சுக் குடுக்கணும்னியே?" என்றான் அண்ணன்.

"தரையில உக்காந்து தைப்பேன்."

"மருமக தரையில உக்காந்து தைக்க, நான் அவ கட்டில்ல குறட்டை விடறதா? நல்லாருக்கு" என்றார் அப்பா. "அதெல்லாம் வேணாம். வேலை இடத்துலயே ஒரு பெஞ்சு இருக்கு. மத்தியானம் வரைக்கும் அங்க படுத்துட்டு வரேன். ஒரு நாள்தானே."

அண்ணி விடவில்லை, அப்பாவும் விடவில்லை. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் பேச்சு நகர முடியாமல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான் நிற்கும். அப்பா கைகழுவி எழுந்தார். அவர் வெளியே போவதற்காக நாங்கள் மேஜையைத் தூக்கினோம்.

அந்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து. மார்பு, தோள், கை, கால். கை வேகமாகப் போனது, மனம்தான் ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று நின்று வந்தது. வியாழக்கிழமைக்குக் கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் வேலை என்றேன்.

வியாழன் விடிந்தபோது மழை இல்லை, மேகம் மட்டும். டேப்பை இரண்டு முறை சரிபார்த்து, ஜன்னலோரம் அடித்து, பஞ்சுப் பலகைகளை மேஜை முழுக்கப் பரப்பினேன். பிறகு மேஜையிலிருந்து விலகி, மடித்த சோபாவில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வழக்கமாக மேஜையை ஏற்றுகிற நேரம் வந்தது. நான் அசையவில்லை. அறைக்குள் அண்ணி புரள்வது கேட்டது. அண்ணன் முதலில் வந்தான், முதுகைச் சுவரோடு தேய்த்துக்கொண்டே நடந்து, வீடுவீடாகக் கொடுக்க வேண்டிய பார்சல் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, பாதிக் கதவில் வெளியேறினான். மூச்சுகூட விடவில்லை அவன். கதவு மூடியதும் வெளியே அவன் குரல் யாரிடமோ தாழ்வாக ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பதிலாக ஒரு இருமல்.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.

எழுந்து கதவிடம் போனேன். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே அங்கே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். கதவை மெதுவாக, மேஜையைத் தொடாத அளவுக்குத் திறந்தேன். இடுக்கில் மாடிப்படியும், படியில் ஒரு தோளும், காவல்காரச் சட்டையின் பட்டையும் தெரிந்தன.

"அப்பா?"

தோள் திரும்பவில்லை. "நான் இன்னும் வரலம்மா" என்றார்.

"பெஞ்சுல படுக்கிறேன்னு சொன்னீங்களே?"

"பகல் ஆள் அதுல சாமானை வெச்சுட்டான். அவனுக்கும் இடம் வேணுமில்ல." கொஞ்சம் பொறுத்து, "காஞ்சுதா?" என்றார்.

"இல்லப்பா."

"தொட்டுப் பாத்தியா?"

"தொடக் கூடாது."

"அப்போ விடு. நான் இங்க காத்து வாங்கிட்டிருக்கேன்."

படியில் காற்றும் இல்லை ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார், "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார். அப்பா எழுந்து சுவரோடு ஒட்டி நின்று, அவர் போனதும் மறுபடி உட்கார்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

திரும்பி மேஜையைப் பார்த்தேன். குச்சிகளின் மேல் கையும் காலும் மார்பும் தனித்தனியாக நின்றன. பார்வைக்குக் காய்ந்ததுபோல்தான் இருந்தது. போன வியாழக்கிழமையும் பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெதுவாக, ஆடாமல் எங்காவது வைத்துவிட்டால் என்ன? எங்கே? சமையல் மேடை, அறை, செருப்பு அலமாரி. ஒவ்வொரு இடமாக மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். கை தானாகவே கொக்கியின் மேல் போய் இருந்தது. எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

அண்ணி அறை வாசலில் நின்றாள். தலை கலைந்திருந்தது. "மாமா வெளியவா உக்காந்திருக்கார்?"

தலையாட்டினேன்.

"உள்ள வந்து படுக்கச் சொல்லேன். மெஷினை எடுத்துட்டேன்."

"வர மாட்டார் அண்ணி."

அண்ணி என் கையைப் பார்த்தாள். அது கொக்கி மேல் இருந்தது. தூக்கு என்றும் சொல்லவில்லை, தூக்காதே என்றும் சொல்லவில்லை. தூக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறைக்குப் போய் டீ வைக்க ஆரம்பித்தாள். சற்று யோசித்து, ஆவி ஹாலுக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கையைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

படியிலிருந்து சின்னதாக ஒரு குறட்டை வந்தது. இடுக்கு வழியே பார்த்தேன். அப்பா சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருந்தார், சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஒவ்வொரு முறை தலை நழுவும்போதும் திடுக்கிட்டு மறுபடி சாய்ந்தார்.

சோபாவிலிருந்து அவருடைய தலையணையை எடுத்தேன். பஞ்சுப் பலகைகளில் படாமல் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, சுவரோரமாக ஒருக்களித்துக் கதவுக்கு வந்தேன். இடுக்கில் தலையணை போகவில்லை. கதவை இன்னும் திறக்கவும் முடியாது. அதனால் தலையணையை இரண்டாக மடித்து, அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினேன்.